ஏலத்தில் ஒரு ராணுவ லாரி: எல்எம்டிவி வாங்கி வீடாக்கும் வழி

எல்எம்டிவி என்ற ராணுவ லாரியை ஏலத்தில் ஜெயித்த இரவு தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் இல்லை, இதை எங்கே நிறுத்துவது என்ற கவலையில். எட்டு அடி அகலம், இருபத்தோரு அடி நீளம், காலியாகவே எட்டு டன்னை நெருங்கும் எடை. எங்கள் வீட்டு டிரைவ்வேயின் சிமென்ட் தளம் ஒரு காரைத் தாங்கும். இதைத் தாங்குமா என்று இரவு ஒரு மணிக்கு டேப் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அந்த வேலையை ஏலத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அப்படிப்பட்ட விஷயங்கள்தான்: எதை முன்னால் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம்.

நான் பேசுவது அமெரிக்காவைப் பற்றி. இங்கே ராணுவம் கழித்துக் கட்டும் லாரிகளைத் தனி ஆட்கள் வாங்கலாம், பதிவு செய்யலாம், ஓட்டலாம். "வாங்கி ஊருக்குக் கப்பலில் அனுப்பிவிடலாமா?" என்று கேட்காத தமிழ் நண்பர் இல்லை. முடியாது. இந்த வண்டிகளுக்கு அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவோ மூன்று வருடத்துக்கு மேல் பழசான, இடது பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியை உள்ளே விடாது. ஆசையை இங்கேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எந்த லாரி?

சந்தையில் மூன்று குடும்பங்கள் அதிகம் வரும்.

முதலாவது எம்35. 1950களின் வடிவமைப்பு, ஆறு சக்கரமும் இழுக்கும். எம்35ஏ2 வகையில் டீசல் தவிர வேறு எரிபொருள்களையும் குடிக்கும் மல்டிபியூயல் இன்ஜின். பார்க்க அழகு, எளிமையான இயந்திரம். ஆனால் பிரேக் ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக். காற்று அதற்குத் துணை மட்டுமே. ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போச்சு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலை இறங்க நான் இதை எடுக்க மாட்டேன்.

இரண்டாவது எம்939 வரிசை, அதாவது எம்923 போன்ற ஐந்து டன் லாரிகள். முழு ஏர் பிரேக், ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர். ஏ2 வகையில் கம்மின்ஸ் 8.3 லிட்டர் இன்ஜினும், ஓடும்போதே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கும். முரட்டு வண்டி, நம்பலாம். ஆனால் ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இதனால் நடந்த விபத்துகளுக்குப் பிறகு ராணுவமே இதற்கு மணிக்கு 40 மைல் வேகக் கட்டுப்பாடு போட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்தத் தொடங்கியது. வாங்குகிற வண்டியில் ஏபிஎஸ் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது எஃப்எம்டிவி என்ற நடுத்தர ராணுவ லாரிக் குடும்பம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் 12எம்18 லாரியை அடிப்படையாக வைத்து, ஸ்டூவர்ட் அண்ட் ஸ்டீவன்சன் நிறுவனம் டெக்சாஸின் சீலி என்ற சின்ன ஊரில் கட்டியது. 1991இல் ஒப்பந்தம், 1996இல் படைக்கு வந்தது. இதில் நாலு சக்கர, இரண்டரை டன் வகைதான் எல்எம்டிவி; சரக்குப் பெட்டி உள்ளது எம்1078, மூடிய வேன் பாடி உள்ளது எம்1079. ஆறு சக்கர ஐந்து டன் எம்1083.

வீடு கட்ட நான் சொல்வது எம்1078 அல்லது எம்1079. காரணம் எடை. அமெரிக்காவில் மொத்த எடை அனுமதி 26,001 பவுண்டைத் தொட்டால் வணிக ஓட்டுநர் உரிமப் பேச்சு ஆரம்பிக்கிறது. எல்எம்டிவி அதற்குள் அடங்கும், எம்1083 தாண்டிவிடும். சொந்த உபயோகத்துக்கும் கேம்பருக்கும் பல மாநிலங்களில் விலக்கு உண்டு என்றாலும், வேறு வகுப்பு உரிமம் கேட்கும் மாநிலங்களும் உண்டு.

ஏ0வா ஏ1ஆ, அதாவது முதல் பதிப்பா திருத்திய பதிப்பா என்பது அடுத்த கேள்வி. ஏ0வில் கேட்டர்பில்லர் 3116, 225 குதிரைத்திறன், மெக்கானிக்கல் பம்ப். ஏ1இல் 3126, 275 குதிரைத்திறன், எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு, கூடவே ஏபிஎஸ். ஆரம்ப கால கேபின்கள் துரு பிடித்ததில் பேர் வாங்கியவை. பிறகு துத்தநாகம் பூசிய தகடு வந்தது. 1998இல், கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் உடைந்ததால் ராணுவம் இவற்றை 30 மைல் வேகத்துக்குக் கட்டிப்போட்டு, பிறகு ஷாஃப்ட்டையும், இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள உறையான ஃபிளைவீல் ஹவுசிங்கையும் மாற்றியது. பையில் காசு இருந்தால் ஏ1. ஸ்பானரை மட்டும் நம்புகிறவர் என்றால் ஏ0வும் தப்பில்லை.

ஏலத்துக்கு முன்: காகிதம்

ராணுவத்தின் கழிவுப் பொருட்களை விற்கும் பொறுப்பு டிஎல்ஏ என்ற பாதுகாப்புத் தளவாட முகமையிடம் இருக்கிறது. சக்கரம் உள்ள பொருட்கள் 2014இலிருந்து கவ்பிளானட் என்ற இணைய ஏலத் தளம் வழியாக வருகின்றன. அங்கே எடுத்துத் தட்டி ஒட்டி மறுபடி விற்கும் வியாபாரிகளும் நிறைய. முதல் லாரி என்றால், ஏற்கெனவே பதிவாகி டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் கையில் இருக்கும் வண்டியை வியாபாரியிடம் கூடுதல் விலைக்கு வாங்குவது கேவலம் ஒன்றுமில்லை. பல நேரம் அதுதான் மலிவு.

ஏலத்தில் எடுத்தால் எஸ்எஃப்-97 என்ற படிவம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அரசு வண்டிக்கு முதன்முதலாக டைட்டில் வாங்க உதவும் சான்று அது. வாரக்கணக்கில் ஆகும். சில வண்டிகளுக்கு, யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்ற இறுதிப் பயன்பாட்டுச் சான்றும் கேட்பார்கள். அது அனுமதியாகும் வரை லாரியைத் தொட முடியாது. ஹம்வி வாங்கியவர்கள் சிலருக்கு "சாலைக்கு வெளியே மட்டும்" என்று அச்சிட்ட காகிதம் வந்த கதை உண்டு. ஆகவே விளம்பரத்தில் எஸ்எஃப்-97 பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

பிறகு உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகம். கவுன்ட்டரில் இருப்பவர் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தே இருக்க மாட்டார். வழக்கமான பதினேழு எழுத்து வண்டி அடையாள எண்ணைத் தேடுவார். ராணுவ லாரியில் அது இல்லாமல் போகலாம். நான் மூன்று முறை போனேன். மூன்றாவது முறை வண்டியில் எண் பொறித்த தகட்டின் போட்டோ, எடைச் சீட்டு, படிவம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொடுத்தேன், முடிந்தது. கேம்பராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, சூடு அல்லது ஏசி, குடிநீர் ஏற்பாடு, 110 வோல்ட் மின்சாரம் என்ற ஆறில் குறைந்தது நான்கு வேண்டும் என்பது பல மாநிலங்களில் விதி. இன்சூரன்ஸ் தருகிறோம் என்று எழுத்தில் ஒருவர் சொன்ன பிறகே ஏலத்தில் கை தூக்குங்கள். தொலைபேசியில் "தருவோம் சார்" என்றது எனக்கு உதவவில்லை.

நேரில் பார்ப்பது

ஏலத் தளத்தில் முப்பது படம் போடுவார்கள். முப்பதிலும் வண்டி நன்றாகத்தான் இருக்கும். பார்வை நாள் இருந்தால் நூறு மைல் என்றாலும் போங்கள். போர்வை, டார்ச், காந்தம், வெள்ளைத் துணி இவை போதும்.

முதலில் கேபினுக்கு அடியில், மூலைகளில், முன் கண்ணாடிச் சட்டத்தில் துருவைப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே தகடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபிளைவீல் ஹவுசிங்கில் முடி போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குச்சியில் இன்ஜின் ஆயிலைத் துணியில் தடவுங்கள். மோர் மாதிரி இருந்தால் நடையைக் கட்டுங்கள். அச்சு நடுவில் உள்ள இரண்டு டிஃபரன்ஷியல் ஹவுசிங், நான்கு சக்கர ஹப் என்று ஆறு இடத்தில் தனித்தனியாக ஆயில் இருக்கிறது. எல்எம்டிவியின் ஹப்புகளுக்குள்ளும் கியர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டார்ட் செய்ய அனுமதித்தால், காற்று ஏறும் வரை பொறுங்கள். சுமார் 120 பிஎஸ்ஐயில் கம்ப்ரஸர் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்து, பிரேக்கை விட்ட நிலையில் முள்ளைப் பாருங்கள். நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்கும்போது 3 வரை பரவாயில்லை. கீழே போய்க் காதை வையுங்கள், கசிவு தானே பேசும்.

எல்எம்டிவியிலும் இருக்கும் ஆலிசன் கியர் பெட்டியில் ஒரு நல்ல வசதி உண்டு. கியர் பலகையில் மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து ஒரு முறை அழுத்தினால் ஆயில் அளவு, இன்னொரு முறை அழுத்தினால் சேமித்து வைத்த கோளாறு எண்கள் திரையில் வரும். அவற்றைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடுங்கள். விற்பவருக்கே தெரியாத நோயை அது சொல்லிவிடும்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 0912 என்றால் 2012ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். பட்டன் எல்லாம் புதுசு போல இருந்தாலும் பத்து வருடம் வெயிலில் நின்ற டயர் வெடிக்கும். 395/85ஆர்20 அளவில் புது டயர் நாலு வாங்குகிற காசு, லாரி விலையில் கணிசமான பங்கு. அதையும் மனதில் வைத்து ஏல உச்சவரம்பை ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். வாங்குபவர் கட்டணம், விற்பனை வரி, ஏற்றி வரும் கூலி எல்லாம் அதற்கு மேலே. எனக்கு நம்பர் பிளேட் ஏறுவதற்குள் ஏலத் தொகையில் முக்கால் பங்கு கூடுதலாகச் செலவாகியிருந்தது.

வீட்டுக்குக் கொண்டு வருதல்

ஓட்டிக்கொண்டு வரும் வீரம் வேண்டாம். பிளேட் இல்லை, டயர் வயது தெரியாது, பிரேக் தெரியாது. டிரெய்லரில் ஏற்றுங்கள். பேசும்போது உயரம், நீளம், எடை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். நான் வாய்மொழியாகச் சொன்னதால் ஒரு போக்குவரத்துக் கம்பெனி ஏழு டன் டிரெய்லரோடு வந்து நின்றது. அது திரும்பிப் போக, யார்டில் நாள்வாடகை ஓட ஆரம்பித்தது. காற்று இல்லாமல் வண்டி நின்றிருந்தால் ஸ்பிரிங் பிரேக் பூட்டியே இருக்கும். வெளியிலிருந்து காற்று கொடுக்க வேண்டும், அல்லது பிரேக் சேம்பரில் உள்ள போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை அடக்க வேண்டும். அடக்கிய பின் லாரிக்குப் பார்க்கிங் பிரேக் கிடையாது. கட்டை வையுங்கள்.

சாவி எங்கே என்று தேடாதீர்கள். இல்லை. மெயின் சுவிட்சைத் திருப்பி ஸ்டார்ட்டரைத் தட்டினால் ஓடும். யாருக்கும் ஓடும். வந்த அன்றே மறைவாக ஒரு பேட்டரி கட்-ஆஃப் போட்டுவிடுங்கள்.

முதல் மாதம்: நிற்க வை, உருள வை

பெட்டி கட்டும் ஆசையை ஒரு மாதம் அடக்குங்கள். ராணுவத்தின் சொந்தப் பராமரிப்புக் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன: ஏ0 எல்எம்டிவிக்கு டிஎம் 9-2320-365, ஏ1க்கு டிஎம் 9-2320-391. பதினெட்டு வயதுச் சிப்பாய்க்குப் புரிய எழுதியவை, படங்கள் அருமை.

எல்லா ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், ஏர் டிரையர் காட்ரிட்ஜ் மாற்றுங்கள். வருடக்கணக்கில் நின்ற டேங்கில் டீசலுக்குள் பாசி பிடித்திருக்கும். முதல் இரண்டு ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், ஸ்பேர் வைத்திருங்கள். கிரீஸ் நிப்பிள் ஒன்று விடாமல் அடியுங்கள். கேபினை ஹைட்ராலிக் பம்ப் அடித்துத்தான் சாய்க்க வேண்டும். தாங்குகோல் பூட்டாமல் அதன் கீழே தலையை நீட்டாதீர்கள்.

சக்கரம் இரண்டு பாகம், போல்ட் போட்டு இணைத்தது. காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளில் ஸ்பானர் வைத்தால் ரிம் வெடித்துப் பறக்கும். வால்வு ஊசியை எடுத்து முழுக்கக் காற்றை இறக்கிய பிறகே கை வையுங்கள். வீட்டில் செய்யும் தைரியம் எனக்கு வரவில்லை, லாரி டயர் கடைக்குப் போனேன்.

பெயின்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. ரசாயனத் தாக்குதலைத் தாங்க ராணுவம் பூசும் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கும். பழைய பிரைமரில் குரோமியமும் இருக்கலாம். வெறும் மூக்கோடு உலர் சாண்டிங் செய்யாதீர்கள். முகமூடி என்றால் கைக்குட்டை இல்லை, கெட்டியான ஃபில்டர் முகமூடி.

வேகம்

தொழிற்சாலையிலிருந்து வந்தபடி எல்எம்டிவி மணிக்கு 58 மைல், அதாவது 94 கிலோமீட்டர் வரை போகும். டெக்சாஸ் நெடுஞ்சாலையில் 75 மைல் கூட்டத்துக்கு நடுவே அது ஒரு தியானம். அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 3.90 விகிதத்திலிருந்து 3.07க்கு மாற்றினால், அதே இன்ஜின் சுற்றில் 73 மைல் வரும். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி என்பதால் முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கியர் பெட்டி தூளாகும்.

அதற்கு முன் டயரில் ஒரு எழுத்தைப் படியுங்கள். ஜி என்றால் 90 கிலோமீட்டர், ஜே என்றால் 100, கே என்றால் 110. ஜி டயரில் 115இல் பறக்க கியர் மாற்றுவது பணம் கொடுத்து ஆபத்து வாங்குவது. நான் மாற்றவில்லை. 55 மைலில் வலது ஓரமாகப் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டுவதில்லை, போட்டோ எடுக்கிறார்கள்.

பாடி கட்டுதல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நானும் இங்கேதான் தோற்றேன்.

லாரி சேஸ் ஒரு ஏணி. மேடு பள்ளத்தில் முன் இடது சக்கரம் ஏறி, பின் வலது சக்கரம் இறங்கும்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அதன்மேல் விறைப்பான ஒரு வீட்டுப் பெட்டியை நேராக போல்ட் போட்டு இறுக்கினால், ஒன்று பெட்டி கிழியும், அல்லது சேஸ் வெடிக்கும். இது தெரியாமல் முதல் முறை எட்டு இடத்தில் இறுக்கினேன். ஒரு பண்ணைப் பாதையில் சின்ன ஓடை, முன் சக்கரம் ஒன்று கரையில் ஏறி நின்றது. பின் கதவு திறக்கவில்லை. உள்ளே மகன். வண்டியைப் பின்னால் எடுத்து சமதரைக்கு வந்ததும் கதவு தானாகத் திறந்துகொண்டது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் என் மாமாவுக்கு அன்றிரவு வீடியோ காலில் காட்டினேன். சிரித்தார். "மாப்ள, சேசு நெளியத்தான் செய்யும். நம்ம பட்டறையில பாடிக்கும் சேசுக்கும் நடுவுல கட்டை வெச்சு யூ-போல்ட் போடறது எதுக்குன்னு நெனச்ச?" சரக்கு லாரியின் பாடி அதுவே கொஞ்சம் வளையும், கட்டையும் யூ-போல்ட்டும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கண்ணாடி ஜன்னலும் தண்ணீர்க் குழாயும் உள்ள பெட்டி வளையவே கூடாது. அதனால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்.

வழி இரண்டு. ஒன்று, துணைச் சட்டம் ஒன்று செய்து அதை மூன்று புள்ளியில் உட்கார வைப்பது: பின்னால் இரண்டு நிலையான இடம், முன்னால் நடுவில் ஒரே ஒரு சுழலும் ஊசி. சேஸ் முறுக்கினாலும் பெட்டி பின் அச்சைப் பார்த்தே நிற்கும். இரண்டாவது, துணைச் சட்டத்தைச் சேஸின் முழு நீளத்துக்கும் படுக்க வைத்து, பின்னால் இறுக்கி, முன்பக்கம் கெட்டியான ஸ்பிரிங் வைத்த போல்ட்டுகளால் பிடிப்பது. முறுக்கும்போது முன்பக்கம் சட்டம் சேஸை விட்டு எழும்பி மறுபடி உட்காரும். மூன்று புள்ளியில் எடை சில இடங்களில் குவியும்; ஸ்பிரிங் முறையில் நீளம் முழுக்கப் பரவும். பன்னிரண்டு அடிப் பெட்டிக்கு நான் இரண்டாவதை எடுத்தேன். இன்று அதே ஓடையில் நிறுத்திக் கதவைத் திறந்து காட்ட முடியும்.

எதைச் செய்தாலும் சேஸ் பீமில் வெல்டிங் வைக்காதீர்கள். அது சூட்டில் பதப்படுத்திய இரும்பு. வெல்டிங் வைத்த இடம் பலம் போய் அங்கிருந்தே வெடிக்கும். மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள். பக்கத் தகட்டில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் உயர்தர போல்ட் போதும்.

அடுத்து எடைக் கணக்கு. எம்1078இன் சுமை 5,000 பவுண்ட், சுமார் 2,270 கிலோ. சரக்குப் பெட்டியைக் கழற்றினால் அதன் எடையும் கையில் கிடைக்கும். ஆனால் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 400 லிட்டர் டேங்க் என்றால் 400 கிலோ போயிற்று. பேட்டரி, ஸ்பேர் சக்கரம், நாலு பேர், பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் கூட்டுங்கள். மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்து வீடு போலக் கட்டினால் தாங்காது. நுரை நடுவில் வைத்த ஃபைபர் பலகை விலை அதிகம், எடை குறைவு, டெக்சாஸ் வெயிலுக்கும் நல்லது. டேங்கை இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ்வாக வையுங்கள். முடித்ததும் பொது எடைமேடையில் முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போடுங்கள்.

எம்1079 கிடைத்தால் இந்தத் தலைவலி பாதி போய்விடும், வேன் பாடி தயாராகவே வரும். அதன் ஏல விலையும் அதற்கேற்ப ஏறித்தான் நிற்கும்.

கேபினும் மின்சாரமும்

இன்ஜின் உட்காருகிற இடத்துக்குக் கீழேயே ஓடுகிறது. காது பாதுகாப்பு அணியும்படி கேபினிலேயே தகடு ஒட்டியிருப்பார்கள், விளையாட்டுக்கு இல்லை. இன்ஜின் மூடியின் உள்பக்கமும் தரையிலும் கனமான ஒலித்தடுப்பு விரிப்பு, அதற்கு மேல் வெப்பத் தடுப்பு. இந்த ஒரு வேலைக்குப் பிறகுதான் என் மனைவி முன் சீட்டில் ஏறினாள்.

லாரி 24 வோல்ட், கூடவே 12 வோல்ட் பாதியும் உண்டு. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் திருடாதீர்கள். ஒன்று காலியாகும், இன்னொன்று கொதிக்கும். 24இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வையுங்கள். வீட்டுப் பகுதிக்குத் தனி லித்தியம் பேட்டரி, நடுவே சார்ஜர். எதிரிக்குத் தெரியாமல் இரவில் ஓட்ட ராணுவம் வைத்த இருட்டடிப்பு விளக்குகளை அப்படியே விடலாம், ஆனால் சாதாரண விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மூன்றும் சரியாக எரிய வேண்டும். லைட் சுவிட்சில் மூன்று கைப்பிடி இருக்கும், ஒன்றைப் பிடித்தபடிதான் இன்னொன்றைத் திருப்ப முடியும். தெரியாதவர் கையில் கொடுத்தால் கால் மணி நேரம் திண்டாடுவார்.

முதல் நீண்ட ஓட்டம்

ஐம்பது மைலில் நிறுத்துங்கள். நான்கு ஹப்பிலும் புறங்கையை வையுங்கள். மூன்று வெதுவெதுப்பாக, ஒன்று மட்டும் தொட முடியாத சூடாக இருந்தால் அங்கே பிரேக் உரசுகிறது அல்லது ஆயில் இல்லை. கையேட்டில் உள்ள அளவுக்கு வீல் நட்டை மறுபடி இறுக்குங்கள். துணைச் சட்டத்து ஸ்பிரிங் போல்ட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பீர்கள், கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த ஐம்பது மைல், மறுபடி அதே சோதனை.